நற்செயல் அட்டவணை வகுப்பைப் பிரித்துவிட்டது: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பரிவையும் மீண்டெழும் உறுதியையும் எப்படி வளர்ப்பது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வகுப்பாசிரியராகவும் இருக்கிறேன். வகுப்பில் 43 பேர். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, திட்டுவதைக் குறைத்துப் பாராட்டுவதைக் கூட்ட வேண்டும் என்ற எண்ணத்தில், வகுப்பின் பின்சுவரில் ஒரு நற்செயல் அட்டவணையை ஒட்டினேன். பிறருக்கு உதவினால் ஒரு நட்சத்திரம், நேரத்துக்கு வந்தால் ஒன்று, வீட்டுப்பாடத்தை முடித்தால் ஒன்று. வகுப்புத் தலைவன் மாலையில் குறித்துக்கொள்வான். மாதக் கடைசியில் முதல் மூன்று பேருக்குக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேனா கொடுப்போம். முதல் இரண்டு வாரங்கள் வகுப்பே மாறிவிட்டதைப் போலிருந்தது.

ஆகஸ்ட் மாதத்துக்குள் நிலைமை வேறாகிவிட்டது. ஒரு மாணவன் பக்கத்தில் இருப்பவனின் ஜியோமெட்ரி பாக்ஸை ஒளித்துவைத்து, பிறகு தானே தேடிக் கண்டுபிடித்தவனைப் போலக் கொண்டுவந்து கொடுத்து நட்சத்திரம் கேட்டான். அதைவிட என்னை வருத்தியது வேறொரு நிகழ்ச்சி. வகுப்பில் ஒரு மாணவிக்குக் காலில் குறைபாடு உண்டு. அவளுடைய தோழி ஏழாம் வகுப்பிலிருந்தே அவளது புத்தகப் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவாள். அதை யாரிடமும் சொன்னதில்லை என்பதால் அவள் பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரமும் இல்லை. அதைக் கவனித்த நான், வகுப்பின் முன் அவளை எழுப்பிப் பாராட்டி, நானே ஐந்து நட்சத்திரங்கள் ஒட்டினேன். மறுவாரமே அவள் பையைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள். ‘நட்சத்திரத்துக்காகத் தூக்குகிறாள்’ என்று மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அடுத்த கவலை வந்தது. கணக்கில் 17 பேர் தேர்ச்சி பெறவில்லை. அவர்களில் ஒருவன், ஆறாம் வகுப்பில் நன்றாகப் படித்தவன், இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் பள்ளிக்கு வருகிறான். மற்ற நாள்களில் கல்யாண மண்டபங்களில் பரிமாறும் வேலைக்குப் போகிறான். கேட்டால், ‘எனக்குக் கணக்கு வராது டீச்சர், வந்து என்ன செய்ய’ என்கிறான். அவனிடம் ‘முயன்றால் முடியும்’ என்று நான் பலமுறை சொல்லிவிட்டேன். அந்தச் சொல் அவனைத் தொடவில்லை.

மூன்றாவதாக, திக்கிப் பேசும் ஒரு மாணவனை நான்கு பேர் அவனைப் போலவே பேசிக் காட்டிக் கேலி செய்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். நான் அந்த நால்வரையும் எழுப்பி நிறுத்திக் கடுமையாகத் திட்டினேன். அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் அவனுக்குக் கிடைத்த கேலி இரண்டு மடங்காக இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இந்த மூன்றும் தனித்தனிச் சிக்கல்களா, அல்லது நான் வகுப்பை நடத்தும் முறையிலேயே ஏதோ ஒரு பிழை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அட்டவணையை எடுத்துவிடலாமா? எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: பணி நிறைவு பெற்ற தலைமை ஆசிரியை

அம்மா, அட்டவணையைக் கழற்றிவிடுங்கள். ஆனால் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு சத்தமில்லாமல் கழற்றாதீர்கள். ‘இதை நல்ல எண்ணத்தில் தொடங்கினேன், உதவியை எண்ணத் தொடங்கியதால் நமக்குள் சில மனவருத்தங்கள் வந்துவிட்டன, அது என் தவறு, ஆகவே நிறுத்துகிறேன்’ என்று வகுப்பின் முன்னால் சொல்லிவிட்டு அவர்கள் கண் எதிரே எடுத்துவிடுங்கள். பெரியவர் ஒருவர் தம் தவறை ஒப்புக்கொண்டு, அதனால் ஒன்றும் குறைந்துபோகாமல் மறுநாளும் அதே முகத்தோடு வந்து பாடம் நடத்துவதைப் பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு மிகவும் அரிது. தவறிய பின் எழுந்து நிற்பது எப்படி என்று நீங்கள் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையிராது.

அந்த மாணவியிடம் தனியாகப் பேசுங்கள். பதினான்கு வயதில் எல்லோர் முன்னாலும் ‘நல்ல பெண்’ என்று பெயர் வாங்குவது ஒரு சுமை. சின்ன வகுப்பில் கைதட்டல் பிள்ளையை மலரச் செய்யும். ஒன்பதாம் வகுப்பில் அதே கைதட்டல் அவளைத் தோழிகளிடமிருந்து பிரித்துத் தனியே நிறுத்திவிடும். இந்த வயதுப் பிள்ளைகளைப் பாராட்ட ஏற்ற இடம், நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதும் மாடிப்படியில் எதிர்ப்படும்போதும் கிடைக்கும் அந்த அரை நிமிடம்தான். அப்போதும் ‘நீ நல்லவள்’ என்று சொல்லாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘நேற்று நீ அவளோடு மெதுவாக நடந்து வந்ததால் இரண்டாம் மணிக்குள் இருவரும் வகுப்புக்கு வந்துவிட்டீர்கள், பார்த்தேன்.’ தான் செய்தது இன்னொருவருக்கு என்னவாகப் பயன்பட்டது என்பது அவளுக்குத் தெரிந்தால் போதும்.

அட்டவணை இருந்த இடத்தில் எதை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையை வையுங்கள். பரிவு என்பது பிள்ளைகளுக்குப் பொறுப்பின் வழியாகத்தான் பழக்கமாகிறது என்பது என் முப்பது ஆண்டுப் பணியில் நான் கண்டது. ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பெஞ்சுகளை உடைப்பான், கைகலப்பில் இறங்குவான். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சத்துணவு வரிசையில் நெரிசலில் சிக்கித் தட்டோடு அழுதுகொண்டு நிற்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கிடைத்ததா என்று பார்க்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். மற்ற ஆசிரியர்கள் அஞ்சினார்கள். அவனுடைய சண்டைகள் அன்றோடு நின்றுவிடவில்லை. பொங்கல் வரைக்கும் புகார்கள் வந்தன. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் அவன் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. தட்டு கிடைக்காத பிள்ளைக்குத் தன் தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் பிறகு தான் சாப்பிட்டான். அந்தப் பொறுப்பை அவனுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தால், முதல் சண்டையிலேயே அதைப் பறிக்க வேண்டியிருந்திருக்கும். வேலையாகக் கொடுத்ததால் அது அவனிடமே இருந்தது.

உங்கள் வகுப்பிலும் குடிநீர்த் தொட்டி, நூலக அலமாரி, விடுப்பில் இருந்தவர்களுக்கு விட்டுப்போன பாடக் குறிப்பை எழுதிக் கொடுப்பது எனப் பல வேலைகள் இருக்கும். 43 பேருக்கும் ஏதேனும் ஒன்று வரும்படி சுழற்சி முறையில் கொடுங்கள். அடங்காத பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்.

வகுப்புத் தலைவன் நட்சத்திரம் குறிக்கிறான் என்று எழுதியிருப்பதால், பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலையும் அவனிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதையும் நிறுத்துங்கள். சக மாணவனைக் காவல்காரனாக்கினால், பிடித்தவன் பெயர் விடுபடும், பிடிக்காதவன் பெயர் முதலில் வரும். நியாயம் என்ற சொல்லின் மேல் பிள்ளைகளுக்கு இருக்கும் நம்பிக்கை அங்கேதான் முதலில் குறைகிறது. ஒழுங்கு மீறியவனுக்குத் தண்டனை தேடுவதைவிட, கெட்டதைச் சரிசெய்ய வையுங்கள். பாக்ஸை ஒளித்தவன், அதைத் தேடி வீணான நேரத்தில் மற்றவன் எழுதாமல் விட்ட பகுதியை உட்கார்ந்து எழுதிக் கொடுக்கட்டும்.

ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. நம்மில் பலர் பிரம்பைக் கீழே வைத்துவிட்டோம். ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று சொல்லும் நாவை இன்னும் அடக்கவில்லை. ஆசிரியரின் வாயில் கேலியைக் கேட்டு வளரும் வகுப்பில், திக்கிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்யாதே என்று எப்படிச் சொல்வது? உங்களைக் குறித்து இதைச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகள் ஒரு நாளில் எட்டுப் பாடவேளைகளில் பல ஆசிரியர்களைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் அறையிலும் இதைப் பேசுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதில் 2: உடற்கல்வி ஆசிரியர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கல்யாண மண்டபத்துக்கு வேலைக்குப் போகும் அந்த மாணவனைக் குறித்து மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை அம்மா அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மீண்டெழும் உறுதியைத் தனிப்பட்ட ஒருவனின் நெஞ்சுரமாகவே நாம் பேசி வருகிறோம். கபடியை நினைத்துப் பாருங்கள். ரெய்டு போனவன் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவன் எவ்வளவு துடிப்புள்ளவனாக இருந்தாலும், தானாக எழுந்து உள்ளே வர முடியாது. அவனுடைய அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்றும்போதுதான் அவனுக்கு உள்ளே வரும் உரிமை கிடைக்கிறது. வெளியே உட்கார்ந்திருப்பவனிடம் போய் ‘முயன்றால் முடியும்’ என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வதில்லை. உள்ளே இருப்பவர்களிடம் ‘ஒரு புள்ளி எடுங்கள், அவனைக் கொண்டுவாருங்கள்’ என்றுதான் கத்துவார். உங்கள் மாணவன் இப்போது கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

‘கணக்கு வராது’ என்பது மிகப் பெரிய வாக்கியம். அதை அப்படியே வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. கணக்கு ஆசிரியரின் உதவியோடு, எந்த இடத்திலிருந்து வரவில்லை என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் நன்றாகப் படித்தவன் என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் ஏழிலோ எட்டிலோ, பின்னங்களிலோ குறை எண்களிலோ இயற்கணிதத்தின் தொடக்கத்திலோ ஓரிடத்தில் கால் இடறியிருக்கும்; அதற்கு மேல் கட்டிய எல்லாம் ஆடுகிறது. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் என்ன குறி வரும் என்பது தெளியாமல் ஒன்பதாம் வகுப்புப் பல்லுறுப்புக் கோவைக்குள் நுழைந்தால் எந்தப் பிள்ளைக்கும் தலை சுற்றும். அந்த ஒரு குறையை மட்டும் அடுத்த இரண்டு வாரத்துக்கு இலக்காக வையுங்கள். ஓட்டத்தில் நான் மாணவனிடம் ‘முதலாவதாக வா’ என்று சொல்வதில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டி, போன வாரத்தைவிட அரை நொடி குறைத்திருக்கிறாய் என்று சொல்வேன். தோற்றுக்கொண்டே இருப்பவன் மறுநாளும் மைதானத்துக்கு வருவதற்கு அந்த அரை நொடிதான் காரணம். தேர்வு மதிப்பெண் அப்படிப்பட்ட கடிகாரம் ஆகாது, ஏனென்றால் அது மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மணி காட்டுகிறது. பத்து நிமிடச் சிறு தேர்வு, தவறியதை மறுநாள் திரும்ப எழுதும் வாய்ப்பு, இரண்டில் உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வது என்று வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் தவறியவர்களுக்கே அந்த ஆண்டிலேயே துணைத் தேர்வு நடத்தப்படுகிறது. வகுப்புத் தேர்வில் நாம் ஏன் கதவை அடைக்க வேண்டும்?

இன்னொன்று, அவன் வராத நாள்களைக் குறித்தது. மூன்று நாள் கழித்து வரும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது ‘ஏன் வரவில்லை?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு அஞ்சியே நான்காம் நாளும் வராமல் இருப்பவர்கள் உண்டு. ‘வந்துவிட்டாயா, உட்கார், நேற்று நடத்தியது இதுதான்’ என்று தொடங்கி, காரணத்தை மாலையில் கேளுங்கள். இரண்டு நண்பர்களிடம் சொல்லி வரும் வழியில் அவன் வீட்டில் நின்று அழைத்துவரச் சொல்லுங்கள். நீங்களும் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பரிமாறும் கூலி அந்த வீட்டில் எதற்குப் போகிறது என்று தெரியாமல் அவனுக்கு அறிவுரை சொல்ல நமக்கு உரிமையில்லை.

அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற பெயரில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்திருக்கிறோம். எங்கள் பள்ளியில் அந்தக் குழுக்களுக்கு வெற்றியால் மட்டும் புள்ளி கொடுப்பதில்லை. குழுவில் இருப்பவர்களில் எத்தனை பேர் தத்தம் முந்தைய அளவைத் தாண்டினார்கள் என்பதற்கும் புள்ளி உண்டு. மெதுவாக ஓடுபவனை அவனுடைய குழு தள்ளிவிடாமல் கூட ஓடிப் பழக்குவதற்கு இது உதவியிருக்கிறது.

பதில் 3: பள்ளி மனநல ஆலோசகர்

முந்தைய இரண்டு பதில்களிலும் அனுபவம் சொல்வதை ஆய்வுகள் எந்த அளவுக்கு உறுதி செய்கின்றன என்று எழுத விரும்புகிறேன். ஓரிடத்தில் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது.

மார்க் லெப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். பின்னர்ச் சான்றிதழ் இல்லாத நாள்களில் அந்தப் பிள்ளைகள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. மழலையர்களிடம் கண்டதைப் பதின்வயதினருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும், விருப்பத்தோடு செய்துகொண்டிருந்ததற்கு விலை குறித்தால் அந்த விருப்பம் வாடக்கூடும் என்பதை உங்கள் வகுப்பு மாணவி கண்முன் காட்டிவிட்டாள். நேரத்துக்கு வருவது, வீட்டுப்பாடம் போன்ற, பிள்ளைகளுக்கு இயல்பாக விருப்பமில்லாத பழக்கங்களுக்குச் சிறிது காலம் ஊக்கப்பரிசு வைப்பதில் பெரிய தீங்கு இல்லை. அதையும் உதவியையும் ஒரே அட்டவணையில் சேர்த்ததுதான் சிக்கல் என்று நான் கருதுகிறேன்.

பாராட்டின் சொற்களைக் குறித்து, 1998இல் கிளாடியா மியூலரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு கவனிக்கத் தக்கது. ஒரே அளவு வெற்றி பெற்ற பிள்ளைகளில் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரை ‘நீ நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்களில் தோல்வி கண்டபின், புத்திசாலி என்று கேட்டவர்களே அதிகம் தளர்ந்தார்கள். தம் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் மிகுதி. ஆனால் ‘உழைத்தால் அறிவு வளரும்’ என்று சொல்லிவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான பெரிய ஆய்வில், பின்தங்கிய மாணவர்களுக்கு அதனால் கிடைத்த முன்னேற்றம் உண்மையானதாக இருந்தாலும் சிறியதாகவே இருந்தது. ‘முயன்றால் முடியும்’ என்ற சொல் உங்கள் மாணவனைத் தொடாததில் வியப்பில்லை. உடற்கல்வி ஆசிரியர் சொன்னபடி, எந்தப் படியில் காலை வைப்பது என்று காட்டினால்தான் முயற்சி என்ற சொல்லுக்கு அவனிடம் பொருள் உண்டாகும்.

அவருடைய கபடி உவமைக்கு வலுச்சேர்க்கும் நீண்டகால ஆய்வு ஒன்று உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் மனநோய் போன்ற பல இடர்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் முதன்மையானது, அவர்களை மாறாமல் ஏற்றுக்கொண்ட ஒருவரேனும் வாழ்க்கையில் இருந்தது. பாட்டியாகவோ அத்தையாகவோ மூத்த உடன்பிறப்பாகவோ இருந்த அந்த ஒருவர், பலருக்கு ஓர் ஆசிரியராகவும் இருந்திருக்கிறார்.

இனி, கேலியைக் குறித்து. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவர் குழுவினரும் 1996இல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து, துன்புறுத்தல் என்பது இருவருக்கிடையே நடப்பதில்லை, முழு வகுப்பும் அதில் ஏதோ ஒரு பங்கை ஏற்றிருக்கிறது என்று காட்டினார்கள். கூடச் சேர்பவர்கள், சிரித்து உற்சாகமூட்டுபவர்கள், பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர்கள், ஒதுங்கிப் போகிறவர்கள் என அவர்கள் பிரித்துக் காட்டியதை உங்கள் வகுப்பில் நீங்களே பொருத்திப் பார்க்கலாம். நால்வருக்கும் வேண்டியது அந்தப் பாதி வகுப்பின் சிரிப்பு. நீங்கள் எல்லோர் முன்னாலும் திட்டியபோது அவர்களுக்கு இன்னும் பெரிய மேடை கிடைத்தது. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக அந்நாட்டுப் பள்ளிகளில் உருவான கிவா என்னும் திட்டத்தில், கேலி செய்பவர்களைத் தனித்தனியாக அழைத்துப் பேசுகிறார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறார்கள். பிறகு வகுப்பில் மதிப்புள்ள, பரிவுள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளை அழைத்து, அவனுக்குத் துணையாக இருக்க என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்கிறார்கள். இதை நம் பள்ளியில் செய்ய எந்த நிதியும் தேவையில்லை. கேலி செய்தவனையும் கேலிக்குள்ளானவனையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைக்கும் வழக்கத்தை மட்டும் தவிருங்கள். அங்கே பாதிக்கப்பட்ட பிள்ளை ‘பரவாயில்லை’ என்று சொல்லக் கட்டாயப்படுத்தப்படுகிறான். அவன் பேசும்போது வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காமல், அவன் முடிக்கும்வரை காத்திருங்கள். வகுப்பு உங்களைப் பார்த்துத்தான் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும்.

கேலியில் சாதியின் சாயல் இருந்தால், அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வு பெற்ற நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பதிலிருந்து, வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி இருக்கை ஒதுக்குவது வரை பல பரிந்துரைகள் அதில் உள்ளன. இருக்கை முறையை நீங்கள் நாளையே தொடங்கலாம்.

எச்சரிக்கை என்று தொடக்கத்தில் குறிப்பிட்டது இதுதான்: பெரியவர்கள் தடுக்க வேண்டிய கொடுமையைத் தாங்கிக்கொள்ளுமாறு பிள்ளையைப் பழக்குவது மனவுறுதிப் பயிற்சி ஆகாது. வீட்டில் அடி, பாலியல் தொல்லை, கட்டாய வேலை என ஏதேனும் தெரியவந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பாலியல் குற்றமெனில், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி தகவல் தெரிவிப்பது உங்கள் கடமை. தலைமை ஆசிரியரிடம் சொன்னதோடு அது முடிந்துவிடாது.

பதில் 4: ஒன்பதாம் வகுப்பு மாணவனின் தாய்

டீச்சர், நான் ஆசிரியர் அல்ல. தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறேன். என் மகனும் ஒன்பதாம் வகுப்புதான். பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தாலே எனக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் அவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து வந்த அழைப்பு ஒவ்வொன்றும் புகார்தான். சென்ற ஆண்டு ஒருநாள் அவனுடைய தமிழ் ஆசிரியர் அழைத்து, ‘உங்கள் மகன் இன்று மயங்கி விழுந்த ஒரு பையனைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நாங்கள் வரும்வரை கூடவே இருந்தான், அதைச் சொல்லத்தான் அழைத்தேன்’ என்றார். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். மாலையில் அவனிடம் அதைச் சொன்னபோது, ‘சார் வீட்டுக்கா போன் பண்ணினார்?’ என்று நான்கு முறை கேட்டான். உங்கள் வகுப்பில் 43 பேர் என்றால், வாரத்துக்கு இரண்டு வீடு என்று வைத்தாலும் ஆண்டு முடிவதற்குள் எல்லா வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி போய்விடும். எங்களைப் போன்றவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரத் தயங்குவது எதனால் என்பதும் அப்போது உங்களுக்குப் புரியும்.

கேள்வி கேட்ட ஆசிரியை, நான்கு வாரங்களுக்குப் பிறகு

பதில் எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. செய்து பார்த்தவற்றைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

அம்மா சொன்னபடி வகுப்பின் முன் பேசிவிட்டு அட்டவணையைக் கழற்றினேன். வகுப்புத் தலைவன் எழுந்து, ‘இனி நான் என்ன எழுத வேண்டும் டீச்சர்?’ என்று கேட்டான். விடுப்பில் இருப்பவர்களுக்குப் பாடக் குறிப்பு சேர்க்கும் வேலையை அவனிடம் கொடுத்திருக்கிறேன். பையைத் தூக்கிய மாணவியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அந்த இரண்டு பெண்களும் சேர்ந்தே ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். காலில் குறைபாடுள்ள மாணவி சொன்னது என்னைத் தலைகுனிய வைத்தது: ‘பையை நானே தூக்கிக்கொள்வேன் டீச்சர், கனம்தான் அதிகம். பாதிப் புத்தகத்தை இங்கேயே வைக்க ஒரு இடம் கொடுங்கள். அவள் கூட நடந்து வந்தால் போதும்.’ இந்த ஆறு மாதத்தில் உதவி செய்தவளைப் பாராட்டவும் கண்டிக்கவும் நினைத்த நான், உதவி பெற்றவளிடம் அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறையும் கேட்டிருக்கவில்லை. கீழ்த்தளத்தில் இருந்த பழைய அலமாரி ஒன்றின் இரண்டு தட்டுகளை ஒழித்துக் கொடுத்தோம். அதன் சாவி இப்போது அவளிடம் இருக்கிறது; வேறு ஆறு பேரும் அதில் புத்தகம் வைக்கிறார்கள்.

கேலியைப் பொறுத்தவரை, நால்வரிடமும் தனித்தனியாகப் பேசினேன். இருவர் நிறுத்திவிட்டார்கள். மூன்று மாணவர்கள் தாமாக முன்வந்து பேருந்து நிறுத்தத்தில் அவனோடு நிற்கிறார்கள். மீதி இருவரிடம் முழு மாற்றம் வரவில்லை. ஆனால் சென்ற வாரம் அந்த மாணவன் எழுந்து முகலாயர் நிர்வாகத்தைப் பற்றி ஒரு பத்தியை முழுவதும் வாசித்தான். நேரம் பிடித்தது, யாரும் சிரிக்கவில்லை.

கணக்கைப் பொறுத்தவரை, உடற்கல்வி ஆசிரியர் ஊகித்த இடத்தில்தான் சிக்கல் இருந்தது. குறை எண்களின் கூட்டலிலேயே அவனுக்குத் தடுமாற்றம். கணக்கு ஆசிரியர் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் ஒதுக்குகிறார். சென்ற வாரம் நான்கு நாள் வந்தான். அவன் வீட்டுக்குப் போய் வந்தேன். அப்பாவின் கைமுறிவுக்குப் பிறகு வாங்கிய கடனுக்குத்தான் அந்தக் கூலி போகிறது. கார்த்திகை முகூர்த்தங்கள் நெருங்குகின்றன, வேலைக்கு அழைப்பார்கள். சனி, ஞாயிறு மட்டும் போவதற்கு அவனுடைய அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார், வார நாள்களில் வரும் முகூர்த்தங்களுக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நேற்று மாலை, நான்கு நாள் வந்ததையும், சிறு தேர்வில் இரண்டாம் முறை எழுதிப் பத்துக்கு ஆறு வாங்கியதையும் சொல்வதற்காக அவன் வீட்டுக்கு அழைத்தேன். அவனுடைய அம்மா எடுத்தவுடன், ‘என்ன தப்பு செய்தான் டீச்சர்?’ என்றுதான் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். நம்பாமல் மறுபடியும் அதையே கேட்டார். மதிப்பெண்ணைச் சொன்னதும் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அவனிடம் கொடுக்கிறேன், அவனிடமே சொல்லுங்கள் என்று தொலைபேசியை நீட்டிவிட்டார்.